வாபஸ் போன பம்ப்

ராணுவம் கழித்துப்போட்ட ஜீப்பை நான் ஏலத்தில் எடுத்தபோது, இது ஏறாத மலையே இல்லை என்றார்கள். நாங்கள் இருந்த டெல்லி ஜனக்புரியில் மலையே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. மே மாத வெயில்தான் இருந்தது. அதில் வண்டி படுத்துவிட்டது.

என் மனைவி நர்ஸ். அந்த மாதம் மதிய ஷிஃப்ட், ஒன்றரை மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே பாங்க் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அவளை ஜம்பமாக ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். பாதி வழியில் ஒரு சிக்னலில் நின்றால் போதும், வண்டி இருமிவிட்டு அணைந்துவிடும். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே கொதித்து ஆவியாகி, பம்புக்கு எதுவும் வந்து சேராது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவள் வெள்ளைச் சீருடையோடு பின்னாலிருந்து நிழலுக்குத் தள்ளுவாள். பிறகு பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்போம்.

இரண்டு முறை தாமதமாகிவிட்டது. சிஸ்டர் இன்சார்ஜ் பதவிக்கு அவள் பெயர் போயிருந்த நேரம். இன்னொரு முறை தாமதமானால் பெயரை எடுத்துவிடுவேன் என்று மேட்ரன் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை, தெருமுனை மெக்கானிக் சர்தார்ஜியிடம் காட்டினேன். ஒரே பார்வையில், “பம்ப் கீ வாபஸி கரா லோ” என்றார். ஆறு வருட டெல்லி வாழ்க்கையில் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் ஹிந்தி வாக்கியம் அதுதான். வாபஸ் நம் தமிழிலும் இருக்கிறதே. பொருள் சரியில்லையென்றால் கடைக்கு வாபஸ். பம்பும் போன மாதம் வாங்கியதுதான்.

உடனே கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, பஸ் பிடித்து காஷ்மீரி கேட் கடைக்குப் போய், பாங்க் இங்கிலீஷில் சண்டை போட்டேன். கடைக்காரர் பம்பைத் தட்டினார், ஊதினார். குறையே இல்லை. சர்தார்ஜி சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. பொறுமையாகப் பென்சிலால் படம் போட்டுக் காட்டினார். மிஞ்சும் பெட்ரோல் பம்பிலிருந்து டாங்குக்கே திரும்ப இன்னொரு பைப் வேண்டும், ஓடிக்கொண்டே இருந்தால் அவ்வளவு சுலபத்தில் கொதிக்காது. வாபஸ் போக வேண்டியது பெட்ரோல், பம்ப் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டம் போட்டுவிட்டு அந்தப் பைப்பைப் போட்டேன். போட்டேன் என்றால், சர்தார்ஜி போட்டார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், அதுவும் தப்பான சைஸ். பழைய பைப்பையும் சைலன்ஸர் சூட்டிலிருந்து விலக்கிக் கட்டினார்.

திங்கட்கிழமை வெயில் கொளுத்தியது. ஒவ்வொரு சிக்னலிலும் நான் கர்த்தரைக் கூப்பிட்டேன். வண்டி ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஒன்றேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசல்.

ஒரு வார்த்தை பாராட்டுவாள் என்று மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது அவள் கைப்பையிலிருந்து ஓர் அட்டை விழுந்தது. எடுத்துப் பார்த்தால் பஸ் பாஸ். அந்த மாதம் ஒன்றாம் தேதியே எடுத்தது. இதை வைத்துக்கொண்டு ஏன் என்னோடு வந்து பதவியைப் பணயம் வைத்தாய் என்று கேட்டேன்.

“நான் பஸ்ல போயிட்டா, ஒத்தையில நீங்க எப்படித் தள்ளுவிய?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடிக்க, பதறிப்போய் கிளட்சை விட்டேன். வண்டி அணைந்துவிட்டது. இந்த முறை பெட்ரோல் மேல் பழி போட வழியில்லை.