சிவப்புப் பொட்டு வைத்த திருகுமூடி

பெனடிக்ற் ஒரு திருகுமூடியை உதட்டில் பொருத்திக் கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறார். மெல்லிய விசில் கேட்கிறது. அடுத்ததை ஊதினால் குரல் தடிக்கிறது. இடியப்ப மாப் பிசைகிற மனைவி ஜூலிக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, உந்தக் கச்சேரி முடிஞ்சால் என்ரை கேத்திலைத் தாறீங்களோ?"

தரமாட்டார். கேத்திலுக்குள் சவர்க்காரத் தண்ணீரில் இன்னும் பல மூடிகள் கொதிக்கின்றன. மன்னாரில் படகு எஞ்சின் கழற்றிய கைகளுக்குப் இத்தாலியின் பலெர்மோவில் கிடைத்தது, பொலிதேயாமா அரங்குக்குப் பின்சந்தில் ஒரு துவக்குக் கடை. வாய்வழியாக வெடிமருந்து இடித்துச் சுடும் பழைய பாணித் துவக்குகளைத் துப்பரவாக்குவது வேலை. குழாயின் பின்வாயை அடைப்பது இந்த மூடி. நடுவிலுள்ள துளைவழியாகத்தான் நெருப்பு மருந்துக்குப் போகும். தூள் மருந்துக்கு ஒரு மூடி. இப்போது புதிதாக வந்திருக்கிற, மாத்திரைபோல் அழுத்திய குளிசை மருந்துக்கு வேறொன்று.

"தூளுக்கு ஒரு பொறி காணும். குளிசைக்கு நெருப்பு மூஞ்சியிலை அடிக்கவேணும்" என்பார் பெனடிக்ற். துளையின் அளவை ஊதியே சொல்லிவிடுவார். எல்லோருக்கும் அந்தக் காது வாய்க்காதே! ஆகையால் குளிசை மூடிகளில் ஜூலியின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைப்பார்.

இவ்வளவு செய்கிற மனிதர் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. திருநாள் வெடிக்கே காதைப் பொத்துவார். "ஊரிலை கேட்டது காணும்" என்பார்.

அந்தச் சனிக்கிழமை அவர் கடைக்குப் போனதும், ஜூலி மேசையில் கிடந்த மூடிகளைப் பார்த்தாள். கோயில் குத்துவிளக்கே அவள் மினுக்கித்தான் பளபளக்கும். வீட்டில் இப்படிக் கறுப்பும் சிவப்பும் அப்பிய இரும்பா? புளியும் இரும்புத் தும்பும் எடுத்து உட்கார்ந்தாள். எல்லாம் கண்ணாடியாகிவிட்டன.

மதியத்துக்குச் சற்று முன், அவள் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோரா லீவியா கீழே காரை நிறுத்தி மணி அடித்தார். சியாகுல்லிப் பக்கத்துத் துவக்குப் பயிற்சித் திடலுக்குச் சுடப் போகிறாராம். பெனடிக்ற் தனக்கென்று எடுத்துவைத்த குளிசை மூடி வேண்டுமாம், அந்தச் சிவப்புப் புள்ளி போட்டது. ஜூலியோ பொட்டையெல்லாம் தேய்த்துவிட்டாளே. சிவப்புக்கு எங்கே போவாள்? எல்லாம் ஒரே அச்சுத்தானே என்று ஒன்றைக் கொடுத்தனுப்பினாள்.

மதியம் வந்த பெனடிக்ற் மேசையைப் பார்த்தார். சிஞ்ஞோரா வந்து ஒன்றை வாங்கிப்போனதை ஜூலி சொன்னாள். மிச்சத்தை ஒவ்வொன்றாக ஊதினார். குளிசை மூடி ஒன்றும் குறையவில்லை.

"தூள் மூடி போயிட்டுது. அதிலை குளிசை உடனை வெடிக்காது, ஜூலி. உள்ளுக்கை புகைஞ்சு கிடக்கும். வெடிக்கேல்லை எண்டு அவா துவக்கின்ரை வாயைத் திருப்பிப் பாத்தால்..."

திடலுக்குத் தொலைபேசி எடுத்தால் ஆளில்லை. அவருடைய பழைய ஸ்கூட்டர் அன்று பறந்தது; பின்னால் ஜூலி மாதாவைக் கூப்பிட்டபடி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் இறங்கும்போது சிஞ்ஞோரா விசையை அழுத்திவிட்டிருந்தார். டிக்கென்ற சத்தம் மட்டும். உதட்டைப் பிதுக்கி, துவக்கைத் தன் பக்கமாகச் சரிக்கத் தொடங்கினார்.

"திருப்பாதேங்கோ! திருப்பாதேங்கோ!" என்று கத்தினார் பெனடிக்ற்.

சிஞ்ஞோராவுக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டியும் இருக்கவில்லை. அப்படியொரு அலறல்! சரித்த துவக்கோடு கல்லாய் நின்றார். வாய் இன்னும் மண்மேட்டைப் பார்த்துத்தான் இருந்தது. அப்போதுதான் வெடித்தது. புகை விலகியபோது, சிஞ்ஞோரா நின்றுகொண்டிருந்தார். பெனடிக்ற்தான் காதைப் பொத்தியபடி நிலத்தில் குந்தியிருந்தார்.

ஜூலி அழுதழுது சிஞ்ஞோராவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். சிஞ்ஞோரா இருவரையும் கட்டிக்கொண்டார். பெனடிக்ற் ஸ்கூட்டரைத் திருப்பினார். ஏசினாலும் தாங்கிக்கொள்ளலாம், இந்த மனுசன் பேசாமலிருந்தே கொல்லுதே என்று ஜூலிக்கு நெஞ்சு வெந்தது. அன்றைக்குப்போல் அவரை அவள் என்றுமே மதித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெனடிக்ற் அரத்தை எடுத்தார். குளிசை மூடிகளை ஒவ்வொன்றாக ஊதித் தேர்ந்து, விளிம்பில் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டார். பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போய்ப் புளியும் இரும்புத் தும்பும் எடுத்துவந்து, மூடிகள் அத்தனையையும் ஜூலியின் மடியில் கொட்டினார்.

"இப்ப மினுக்கும், பாப்பம்."