கயிறு மாற்றி வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

போன வருஷம் மாங்காய்ப் பருவம் முடிந்து, தோப்புகளில் ஆள் நடமாட்டம் குறைந்திருந்த நேரத்தில் நடந்தது இது. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் தென்னை, சில கறவை மாடுகள், இதுதான் என் பிழைப்பு. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். என் மனைவி அப்படியில்லை. கட்டடப் படம் வரைகிற படிப்பைக் கல்யாணத்துக்கு முன்பே முடித்தவள். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கொல்லங்கோட்டில் இருக்கிற ஒரு என்ஜினியருக்கு வீட்டுப் பிளான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். படம் அவளுடையது, கீழே இருக்கிற பெயர் அவருடையது.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டால்கூடக் குரல் கொடுக்க மாட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவேன். நான் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிற ஒரே இடம் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. அங்கே பேசவே வேண்டாம். துண்டை மேலே போட்டு, அடியில் விரலைப் பிடித்தால் விலை முடிந்துவிடும்.

அந்த வாரம் என் மனைவிக்கு ஒரு பெரிய சந்தோஷம் வந்தது. கொல்லங்கோடு ரோட்டில் வீடு கட்டப்போகிற ஒரு குடும்பம், என்ஜினியரிடம் போகாமல் நேராக அவளையே தேடி வந்து, வீட்டின் முகப்பு எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அவள் பெயருக்கென்று வந்த முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் ராப்பகலாக அதிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் திரை முழுக்கக் கோடு கோடாக வந்து, அப்படியே கறுத்துப் போனது. அவள் பெட்டியைத் திறந்து ஏதோ பார்த்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றாள். அது இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடுமாம். கோடு போட்டு பிளான் வரையலாமாம். ஆனால் வீட்டை நிஜம் மாதிரி எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்ட அந்தக் கார்டு வேண்டுமாம். அவளுக்கு வரைகிற வேலை மீதி கிடந்தது. அதனால் நான் பொள்ளாச்சிக்குக் கிளம்பினேன்.

“ஏனுங்க, பழைய கார்டையே கையில கொண்டு போங்க. இதே அளவுல, தனியா கரண்டு வயர் சொருக வேண்டாத மாதிரி சின்னதா ஒண்ணு கேளுங்க. நம்முது பழைய கம்ப்யூட்டர், பெருசெல்லாம் தாங்காதுங்க” என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். நானும் தலையாட்டினேன்.

கம்ப்யூட்டர் கடை ஒரு மாடியில் இருந்தது. புதுசும் பழசும் விற்கிற, ரிப்பேரும் பார்க்கிற கடை. கல்லாவில் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். துண்டில் சுற்றி வைத்திருந்த பழைய கார்டை எடுத்து நீட்டினேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதேதோ பெயர்களும் நம்பர்களும் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். என்ன புரிந்தது என்று கேட்டால் ஒன்றும் இல்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சம்.

கடைசியில் அவர் மேஜைமேல் ரெண்டு கார்டை வைத்தார். ஒன்று உள்ளங்கை அகலம், ஒரே ஒரு ஃபேன். இன்னொன்று முழங்கை நீளம், ரெண்டு ஃபேன், கையில் தூக்கினால் கனமாக இருந்தது. ரெண்டும் ஏற்கெனவே ஓடியவை. ரெண்டுக்கும் ஒரே விலை.

இங்கேதான் சந்தைக்காரன் புத்தி வேலை செய்தது. ஒரே விலையில் ஒரு கன்றுக்குட்டியும் ஒரு பெரிய மாடும் நின்றால் எவனாவது கன்றைப் பிடிப்பானா? என் மனைவி சொன்னது காற்றில் போய்விட்டது. பெரியதைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் கேட்கத்தான் செய்தார். “அண்ணா, இது நெறையக் கரண்ட் இழுக்கும். உங்க ஊட்டு கம்ப்யூட்டர் தாங்குங்களா?”

இது ஒன்றுதான் எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. “எங்குளுக்கு மூணு பேஸ் லைன் இருக்குதுங்க. அஞ்சு எச்பி மோட்டாரே ஓடுது” என்றேன்.

நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு விலை பேச வேண்டுமே. பழக்க தோஷம், துண்டைக் கைமேல் போட்டு அவர் பக்கம் நீட்டினேன். அவர் பதறிப்போய், “கையில அடி கிடி பட்டிருக்குதுங்களா அண்ணா?” என்றார். நான் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஊருக்கு வரும் வழியெல்லாம் பெருமைதான். பெரிய மாட்டைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைகிற மாதிரி வீட்டுக்குள் நுழைந்து கார்டை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். பாதி உள்ளே போய், எதிரே இருந்த இரும்புத் தட்டில் முட்டி நின்றது. அதோடு, அந்தக் கார்டுக்குத் தனியாகக் கரண்டு கொடுக்கிற வயரும் எங்கள் பெட்டியில் இல்லை. மூணு பேஸ் லைன் வீட்டுக்கு வந்து என்ன, பெட்டிக்குள் வரவில்லையே.

“கன்னுக்குட்டி கட்டற எடத்துக்குக் காங்கேயம் காளையப் புடிச்சுட்டு வந்திருக்கறீங்க” என்று அவள் முதலில் சிரித்தாள். நான் ரம்பத்தை எடுத்து வந்து இரும்புத் தட்டை அறுத்துவிடலாமா என்று கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது.

“ரம்பத்தைக் கொண்டுபோய் வெச்சுட்டு வாங்க மொதல்ல! நாளைக்குப் போய் மாத்திட்டு வந்துருங்க.”

“மாத்தறதா? வாங்கியாச்சு புள்ள. எந்த மூஞ்சியை வெச்சுட்டுத் திருப்பிக் குடுக்கறது?”

சந்தையில் அதுதான் வழக்கம். நாம் கொண்டு போன புதுக் கயிற்றை மாட்டுக்குக் கட்டி, பழைய கயிற்றை விற்றவர் கையில் கொடுத்துவிட்டால் முடிந்தது கதை. வீட்டுக்கு வந்த பிறகு உதைக்குது, பால் குறையுது என்று திருப்பி ஓட்டிக்கொண்டு போகிறவனை அடுத்த சந்தையில் யாரும் மதிக்க மாட்டார்கள். இருபது வருஷமாகச் சந்தைக்குப் போகிறேன், ஒரு கயிறும் திரும்பியதில்லை.

“அதென்ன மாடுங்களா?” என்றாள். நான் ரம்பத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். என் முகத்தைப் பார்த்தவள், “சரி, விடுங்க. அவங்களை அடுத்த வாரம் வரச் சொல்லிப் பார்க்கறேன். அவங்களுக்கு அவசரம்னா என்ஜினியர்கிட்டயே போகட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியவில்லை.

மறுநாள் காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இனி அளவு, வயர் என்று எதையும் வாயால் சொல்லிச் சமாளிக்க என்னால் ஆகாது. பெட்டியையே கொண்டு போய்விடுவது என்று முடிவு. மாட்டுத்தீவனச் சாக்கு ஒன்றை உதறி அதற்குள் வைத்து, வாயைக் கட்டி, பஸ் ஏறி மடிமேல் வைத்துக்கொண்டேன். பெரிய கார்டும் செத்துப்போன பழைய கார்டும் பையில்.

கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, “ஏட்டா, இதில எந்தா, கோழியோ?” என்று மலையாளத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மாள், “கோழின்னா கத்தாதா? செத்துக் கித்துப் போச்சோ என்னமோ, அவுத்துப் பாருங்க” என்றார். “கம்ப்யூட்டருங்க” என்றேன். சத்தம் வெளியே வரவில்லை. “என்னுது?” என்றார் அந்த அம்மாள். “கம்ப்யூட்டர்” என்று இரண்டாவது முறை சொன்னது பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. அதோடு பொள்ளாச்சி வரைக்கும் ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒருவர் லேப்டாப் வாங்கச் சொன்னார். ஒருவர் தன் மருமகன் பெங்களூரில் இதே வேலையில் இருப்பதாகச் சொன்னார். அந்த அம்மாள், “பாத்துப் புடிச்சுக்கங்க தம்பி, குலுங்குது” என்று ஒரு பக்கம் சாக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

கடை மாடிப்படி வரை வந்துவிட்டேன். மேலே ஏறத்தான் கால் வரவில்லை. சாக்கோடு முதல் படியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சரியாக அமையவில்லை.

கையில் டீத் தூக்கோடு ஒரு பெண் படியேற வந்தார். என் வயதுதான் இருக்கும். வழி விட எழுந்தேன். அவர் என் தோள் துண்டையும் சாக்கையும் பார்த்தார். “நேத்து எங்க கடையில துண்டுக்கடியில கை நீட்டுனது நீங்கதானுங்களா?” என்றார். அவர்தான் கடைக்குச் சொந்தக்காரர், ரிப்பேர் வேலையும் அவர்தான் பார்க்கிறார் என்று பிறகு தெரிந்தது. நான் தலை குனிந்து நின்றேன். “அட, மேல வாங்கண்ணா. நேத்துல இருந்து உங்க மூணு பேஸ் லைனை நெனைச்சு நெனைச்சுச் சிரிச்சுட்டு இருக்கறோம். கார்டு உள்ள போகலையா?”

போகவில்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. “எனக்கு ஒண்ணும் புரியலீங்க. நேத்தே புரியலீங்க. கயிறு மாத்துன பொறகு திருப்பிக் கேக்கறது தப்புத்தானுங்க, ஆனா நாளைக்கு ஊட்டுல வேலை இருக்குது” என்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்நிய ஆளிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் முறை.

அவர் சிரிக்கவில்லை. “சந்தையிலதானுங்க கயிறு மாறுனா மாறுனது. இங்க ஒரு வாரத்துக்குள்ள வந்து மாத்திக்கலாம். அதுவும் போக, பெட்டியைப் பாக்காமக் குடுத்தது எங்க தப்பு” என்றார். கல்லாக்காரர் வாயெல்லாம் பல்லாக எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

பெட்டியைத் திறந்ததும் அந்தப் பெண், “இது கம்ப்யூட்டருங்களா, வைக்கப்போருங்களா?” என்றார். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்த அறையில்தான் தவிட்டு மூட்டைகளும் வைக்கோலும் வைத்திருந்தேன். தூசி ஃபேனில் அடைத்து, சூடாகித்தான் பழைய கார்டு போயிருக்கிறது. காற்றடிக்கிற மெஷினை வைத்து ஊதினார். தவிடும் தூசியும் பறந்ததில் எனக்கும் கல்லாக்காரருக்கும் தும்மல் நிற்கவில்லை. இரண்டு பல்லி முட்டை உருண்டு வந்தது.

பிறகு, என் மனைவியை போனில் கூப்பிடச் சொன்னார். அவள் எதில் வரைகிறாள், எவ்வளவு பெரிய படம் என்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். என்னைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும், நடுநடுவே இரண்டு பக்கமும் சிரிப்பு. போனை வைத்துவிட்டு, முதல் நாள் நான் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தச் சின்னக் கார்டையே எடுத்து மாட்டினார். பெரியது அதைவிடப் பழசாம். கரண்டு மட்டும் தின்னுமாம், வேலை அதே அளவுதான் செய்யுமாம். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பெரிய உடம்பு, வற்றின மடி.

“திரைக்குப் போற வயர் என்ன கலருங்க?” என்று கேட்டார்.

“நீலமுங்க! ரெண்டு பக்கமும் திருகு இருக்கும்” என்றேன். காலையில் நானே கழற்றியது அல்லவா. அந்தப் பழைய வயர் இந்தக் கார்டில் நேராகச் சேராதாம், அதற்கென்று ஒரு சின்ன மாற்று பிளக்கும் எடுத்து வைத்தார்.

அப்படியே கொடுத்து அனுப்பவில்லை. “கறந்து பாக்காம மாடு புடிப்பீங்களா? ஓடட்டும், உக்காருங்க” என்றார். சோதனைக்காகக் கடைத் திரையில் ஓட்டிவிட்ட ஒரு வீடு சுற்றிக்கொண்டே இருந்தது. அவ்வப்போது கார்டைத் தொட்டுப் பார்த்தார். என்னையும் தொடச் சொன்னார். கன்றின் காது மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. டீ குடித்து முடித்த பிறகும் வீடு திக்காமல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. செத்துப்போன பழைய கார்டை அவர் கையில் கொடுத்தேன். “பழைய கயிறுங்களா?” என்று சிரித்து வாங்கி வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் வந்தது. அதற்குள் தவிட்டு மூட்டைகளையெல்லாம் தொழுவத்துக்கு மாற்றியிருந்தேன். அவர்களுடைய வீடு திரையில் முன்னும் பின்னும் திரும்பியது. வந்த வீட்டுக்காரம்மா, வாசல் தூணுக்கு வேறு நிறம் வைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்க, என் மனைவி அங்கேயே மாற்றிக் காட்டினாள். படத்தின் கீழே அவள் பெயர். நான் கதவோரம் டம்ளர்களை வைத்துக்கொண்டு நின்றேன். மோர் கொடுக்க மறந்து போனேன்.

அந்த வீடு இப்போது கொல்லங்கோடு ரோட்டில் எழும்பி நிற்கிறது, அதே தூண்கள், அதே நிறம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். கூச்சம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இன்னும் இருக்கிறது. ஆனால் யாராவது எனக்குத் தெரியாததைச் சொல்லும்போது தலை தானாக ஆடப் பார்த்தால், அந்த மாடிப்படி ஞாபகத்துக்கு வந்து, தலைக்கு முன்னால் என் வாய் ‘புரியலீங்க’ என்று சொல்லிவிடுகிறது.