நாலாம் வகுப்பை அளக்கப் போனோம்

செவ்வாய், காலை 5.40. யாழ்ப்பாணத்தில் பேருந்து ஏறியபோது தோளில் ஒரு பை, கையில் ஒரு நீள மரப்பலகை. பிள்ளைகளின் உயரம் அளக்கும் பலகை அது. நடத்துநர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கா, இதுக்கும் ஒரு ரிக்கற் போடவோ?"

போடவில்லை. வவுனியா வழியாக இருநூற்று முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. ஹொரவப்பொத்தானையில் இறங்கித் தேத்தண்ணி குடித்தேன். மதியம் ஒன்றரைக்குத் திருகோணமலை. ஓர்ஸ் ஹில்லுக்கு ஓட்டோ நானூறு ரூபாய். அங்கேதான் என் பள்ளித் தோழி சுகந்தி இருக்கிறாள், பிள்ளைகள் வைத்தியர். நான் விசேட கல்வி ஆசிரியை. நாலு நாள் லீவு எடுத்துக்கொண்டு அவளுக்கு உதவப் போயிருந்தேன்.

வேலை இதுதான். கர்ப்பமாயிருக்கும்போது தாய் குடிக்கும் மது, வயிற்றுப்பிள்ளையின் மூளையையும் வளர்ச்சியையும் தாக்கக்கூடும். அப்படிப் பாதிக்கப்பட்டு, ஒருவருக்கும் தெரியாமலே பாடசாலைக்கு வந்துபோகும் பிள்ளைகள் எத்தனை பேர்? எங்கள் பக்கத்தில் இதை யாரும் எண்ணிப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை. சுகந்தி எண்ணத் தொடங்கியிருந்தாள்.

புதன், காலை 7.30. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலை. இந்த ஊரில் தெருவெல்லாம் மான்கள் திரியும்; வாசலில் நின்ற ஒன்று எங்கள் படிவக் கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் போனது. நாலாம் வகுப்பு எங்களைத் திருவிழாபோல வரவேற்றது. உயரம், நிறை, தலைச்சுற்றளவு. பிறகு சின்னக் கண்ணாடி அடிமட்டத்தால் கண்ணின் நீளம். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் ஆழமா, தட்டையா என்று ஒன்று முதல் ஐந்து வரை இலக்கமிட்ட படங்கள் உள்ள ஓர் அட்டையை முகத்தருகே பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் அளவெடுத்துக்கொண்டு போய், மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஒருத்தி என் உதட்டைப் பார்த்து, "ரீச்சருக்கு மூண்டாம் நம்பர்" என்று தீர்ப்புச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

முகத்தை வைத்து மட்டும் எதையும் முடிவுகட்ட ஏலாது என்பதைச் சுகந்தி வகுப்பாசிரியருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். படிப்பு, ஞாபகம், தாய் சொல்லும் விபரம் எல்லாம் சேர வேண்டும். ஆசிரியர் இளம் ஆள், நல்லவர். கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளையைக் காட்டினார். தர்சினி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல.

"டொக்டர், இவ குழப்படி இல்லை. ஆனா சொன்னது ஒண்டும் நிக்காது. சரியான சோம்பல்."

சுகந்தி அவளைக் கூப்பிட்டாள். "கொப்பியை மூடி, சிவப்புப் பென்சிலை எடுத்து, பையைக் கதிரைக்குக் கீழ வையுங்கோ."

தர்சினி கொப்பியை மூடினாள். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப பென்சிலை எடுங்கோ."

எடுத்தாள்.

"பையைக் கீழ வையுங்கோ."

வைத்தாள். ஆசிரியர் தலையைச் சொறிந்தார்.

"நான் ஒரே மூச்சில அஞ்சு சொல்லுவன்" என்றார்.

வியாழன், காலை 8.15. முஸ்லிம் மக்கள் கூடுதலாக வாழும் கிண்ணியாவுக்குப் போனோம். ஓட்டோ நௌபருடையது, அவர் ஊரும் அதுதான். நானூறு மீற்றர் வரும் பாலத்தில் ஏறியதும் இரு பக்கமும் தண்ணீர். நௌபர் வேகத்தைக் குறைத்து, வெகு நேரமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"டொக்டர், கோவிக்கப்படாது. எங்கட ஊர்ல பொம்பளையள் குடிக்கிறல்லயே. இங்க என்னத்துக்கு அளக்கப் போறீங்க?"

"சந்தேகப்பட்ட இடத்தில மட்டும் தேடினா, அங்க மட்டும்தான் பிள்ளையளைக் கண்டுபிடிப்பம்" என்றாள் சுகந்தி. "பிறகு அது அந்தச் சனத்திட வியாதி எண்டு கதை வரும். எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி அளக்கோணும், ஒரே கேள்வி கேக்கோணும்."

நௌபர் பாலம் முடியும்வரை யோசித்தார். "அது நியாயம்தான். ஆனா என்ட நிறையை மட்டும் அளக்கப்படாது." கிண்ணியா பிள்ளைகள் அவரை விடவில்லை. தராசில் ஏற்றிவிட்டு, இலக்கத்தை ஒன்றாகச் சேர்ந்து வாசித்தார்கள்.

அன்று பின்னேரம் 3.30. லிங்கநகரில் தர்சினியின் வீடு. தாய் ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கிறார். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். எங்களுக்குக் கதிரை போட்டுவிட்டுத் தான் நின்றார். சுகந்தி எல்லாத் தாய்மாரிடமும் கேட்கும் அதே படிவத்தை அதே வரிசையில் கேட்டாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தேத்தண்ணி? ஓம். மீன்? கருவாடுதான் கூட. குளிசை? கிளினிக்கில் தந்தது. கள்ளு?

தாய் கதவுப் பக்கம் பார்த்தார். தர்சினி வெளியே கயிறடித்துக்கொண்டிருந்தாள்.

"கள்ளு குடியில சேராதுதானே, டொக்டர்?"

"சேரும், அம்மா."

அவர் மெல்ல இருந்தார். "அப்ப நாங்கள் செங்கல் சூளையில வேலை செய்தனாங்கள். பின்னேரத்தில எல்லாருக்கும் கள்ளு வரும். சூட்டுக்கு நல்லதெண்டு சொல்லுவினம். வயித்தில பிள்ளை எண்டு தெரிஞ்ச பிறகும் குடிச்சனான். உடம்புக்கு நல்லதெண்டுதான் குடிச்சனான்." கதவுப் பக்கம் இன்னொரு தடவை பார்த்து, "என்னாலயோ பிள்ளை இப்பிடி?" என்று கேட்டார்.

சுகந்தி பொய் சொல்லவில்லை. "இருக்கலாம். சோதிச்சு முடிக்காமச் சொல்ல ஏலாது. ஆனா உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. இனி என்ன செய்யலாம் எண்டு கேளுங்கோ. அதுக்கு என்னட்ட நிறைய இருக்கு."

அவர் அழுதார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் சொன்னது நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"அப்ப அவ சோம்பேறி இல்லை."

"இல்லை."

"நான்தான் வீணா ஏசிக்கொண்டு இருந்திருக்கிறன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டார். "தர்சினி, குசினிக்குப் போய் பிஸ்கட் எடுத்து, கோப்பையில வைச்சு..." அவரே நிறுத்திக்கொண்டார். எங்களைப் பார்த்தார். "தர்சினி, பிஸ்கட் பெட்டியைக் கொண்டு வா." வந்தது. "இப்ப ஒரு கோப்பை." அந்தத் தட்டும் வந்தது. "இப்ப அடுக்கு." அடுக்கினாள், மிக அழகாக, பூப்போல வட்டமாக. கடைசி பிஸ்கட்டைத் தன் வாய்க்குள் போட்டாள். தாய் சிரித்துவிட்டார், கண் இன்னும் காயவில்லை.

நாங்கள் எழும்பும்போது அவர் கேட்டார். "அந்தச் சூளையில இப்பவும் ரெண்டு பிள்ளைத்தாச்சியள் இருக்கினம். நான் போய்ச் சொல்லட்டோ? நான் சொன்னாக் கேப்பினம்."

சுகந்தி கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தாள். பிறகு எந்த நாள் போகலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள்.

வெள்ளி, காலை 6.30. திரும்பும் பேருந்தில் யன்னலோரம் கிடைத்தது. எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. எண்ணிக்கை முடிய இன்னும் பல பாடசாலைகள் கிடக்கின்றன. ஆனால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பின்னால் ஒரு வீடும், பிஸ்கட் அடுக்கும் ஒரு பிள்ளையும் இருக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் பாடசாலையை நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாக அங்கே படிப்பிக்கிறேன். எத்தனையோ தேர்ச்சி அறிக்கைகளில் "கவனம் போதாது" என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடம் இப்படி ஒரு கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கட பக்கம் அப்பிடி ஒண்டும் இருக்காது, ரீச்சர்" என்றார். நான் லிங்கநகர்த் தாயைப் பற்றி இன்னொரு தடவை, இம்முறை ஆற அமரச் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றி மேசையில் விரித்தார்.

"ஆடியில பரீட்சை வருது. அதுக்கு முதல் உங்கட டொக்டருக்கு எந்தக் கிழமை சரிவரும்?"