ஒட்டாத லேபிள்

அலுவலகத்தில் அவளுக்குப் ‘பிரேக்கு’ என்று பெயர். தன் கல்யாணத்தன்றே மைக் கரகரத்ததும், காரணம் தெரியும்வரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாளாம். நான் பார்க்கவில்லை, ஆனால் இவ்வளவு நல்ல கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ரத்த வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. முன்பெல்லாம் எதிர்பாராத பிழை வந்தால் ஒவ்வொரு திரையும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்ளும். ஒன்று கத்தும், ஒன்று முனகும், ஒன்று பிழையை விழுங்கிவிட்டுச் சமர்த்தாகச் சிரிக்கும். பிரேக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வழி வைத்தாள். எந்தத் திரையும் சமாளிக்காமல் விட்ட பிழை, கண்ணெதிரே வந்தாலும் பின்னணி வேலையில் வந்தாலும், ஒரே இடத்துக்கு வந்து சேரும். அங்கே புரோகிராம், செய்த வேலையைச் சேமித்து, நடந்ததைப் புரியும்படி சொல்லிவிட்டு, தன்னை மூடிக்கொள்ளும்.

மூடியது. மூடிக்கொண்டே இருந்தது. புகார்கள் குவிந்தன. பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் ஓடும்படி மாற்றி, அன்றைக்கே அனுப்பச் சொன்னார் மேலாளர். மாற்றிவிட்டாள். அனுப்ப விரலை வைத்த நேரம் போன் வந்தது. ரத்த வங்கியில் டெக்னீசியனாக இருக்கும் நாத்தனார்.

“அண்ணி, உங்க புரோகிராம் மறுபடியும் படுத்துடுச்சு. ஆபரேஷன் நடுவுல ரத்தம் கேட்டு ஆள் வந்து நிக்கறார். நல்லவேளை, மூடறதுக்குள்ள லேபிள அடிச்சுட்டேன். ஒட்டி அனுப்பிடவா?”

திரை என்ன சொல்லிவிட்டு மூடியது என்று பிரேக்கு கேட்டாள். இந்தப் பையின் ரத்த வகை டெஸ்ட் மெஷினிலிருந்து வந்து சேரவில்லை என்றதாம். வராத வகை லேபிளில் எப்படி ஏறியது? அது முந்தைய பையின் வகை. திரையில் அழியாமல் கிடந்திருக்கிறது.

“ஒட்டாதே. கிழிச்சுப் போடு. கையால டெஸ்ட் பண்ணு.”

“டாக்டர் என்னைத் தின்னுடுவார் அண்ணி.”

“தின்னட்டும். நீ டெஸ்ட் பண்ணு.”

போனில் யாரோ அதட்டுவது கேட்டது. பிறகு கண்ணாடிக் குழாய்கள் உரசும் சத்தம். அனுப்பியாச்சா என்று கேட்க வந்த மேலாளர், அவள் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

“பி, அண்ணி.” ஸ்பீக்கரில் நாத்தனாரின் குரல். “லேபிள்ல ஏ போட்டிருந்துச்சு. வேற பை எடுத்துக் குடுத்துட்டேன்.”

மேலாளர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “அத அனுப்ப வேண்டாம்மா,” என்றார்.

பிரேக்கு வேறொன்றை அனுப்பினாள். பிழை வந்த கணமே திரை வெறுமையாகி, பட்டன்கள் பூட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் அப்புறம். நாத்தனாரின் கைவேகத்தை அவள் முதலில் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டில் நாத்தனார், “வேலையில இத்தன பிரேக் போடறீங்க, என்னைத் திட்டும்போது மட்டும் ஏன் அண்ணி பிரேக்கே பிடிக்கறதில்ல?” என்று கேட்டாளாம். பிரேக்கு பதிலே பேசவில்லையாம். இந்தக் கதையில் என்னால் நம்ப முடியாதது அது ஒன்றுதான்.