எதிர்வீட்டுக் கடிதம்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி இந்த நாட்டில் தங்க விசா வேண்டுமென்றால், இருவரும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்வதாக அக்கம்பக்கத்தார் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் அவள் மட்டும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ள, அவன் அவளோடு போய் எதிர்வீட்டு டீச்சரம்மாவின் கதவைத் தட்டினான்.

"பொண்டாட்டியா? படிக்கட்டு துடைக்கிற பொண்ணு, தூரத்துச் சொந்தம்னுதானே தம்பி சொன்னே?"

படிக்கட்டு துடைப்பவளை மனைவி என்று சொல்லக் கூசி, மூன்று வருடமாக அவன் விட்டுவந்த புளுகு அது. அவனால் தலை நிமிர முடியவில்லை.

"தூரத்துச் சொந்தம்தான் டீச்சர்," என்றாள் மனைவி. "விசான்னதும் கிட்ட வந்துட்டாரு."

டீச்சரம்மா சிரிக்கவில்லை. "மூணு வருஷமா புருஷன் பொண்டாட்டியாத் தெரியும்னு நான் எப்படிப்பா எழுதுறது?"

"நான் சொன்ன பொய்யையும் சேர்த்தே எழுதுங்க டீச்சர்," என்றான். வாளி தூக்கிக் காய்த்துப்போன அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி நீட்டினான்.