மூக்கைத் தொட்டுச் சொல்லும் எழுத்து

எனக்கு வாய்தான் சொத்து. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் சந்தையிலும் சவரக் கடையிலும் சனம் கதைக்கக் கேட்டுப் பொறுக்கியது. யார் என்ன நன்றாகச் சொன்னாலும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வேன். ஆசிரியர் தட்டுப்பாடான காலம் என்பதால், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராகத் தமிழ் படிப்பிக்கச் சேர்த்துக்கொண்டார்கள். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டாக இருக்கும். சண்டையால் எரிபொருள் வராமல் வாகனமெல்லாம் படுத்துவிட்டன. மீன் சந்தையில் குருநகர் அக்கா ஒருத்தி என்னைப் பார்த்து, “வாத்தியார், இந்த ஊரிலை பெற்றோல் இல்லாமல் ஓடுறது உங்கடை வாய் ஒண்டுதான்” என்றாள். அதையும் கொப்பியில் எழுதினேன். பெருமையோடுதான் எழுதினேன்.

அந்த வருட நடுவில் ஏழாம் ஆண்டுக்கு ஒரு பிள்ளை வந்தாள். காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். ஐந்து வயதில் வந்த காய்ச்சலோடு அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டன. அதற்கு முன் பேசிப் பழகியிருந்தபடியால் கொஞ்சம் கதைப்பாள். மற்றவர்கள் கதைப்பதை வாயைப் பார்த்துப் பிடிப்பாள். தகப்பன் வேலை தேடிக் கொழும்புக்குப் போனவர். பாதை அடைபட்டதோடு அவருடைய கடிதமும் நின்றுவிட்டது.

தாய் பள்ளிக்கூட அதிபரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். “காது கேளாத பிள்ளையளின்ரை விடுதியிலை விடச் சொல்லினம், ஐயா. இந்தச் சண்டைக்குள்ளை ஆளுக்கொரு பக்கமா இருக்கேலாது. இங்கை எல்லாரோடையும் இருந்து படிக்கட்டும். ஏலாதெண்டு கண்டா நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்.”

அடுத்த நாளே கணக்கு ரீச்சர் ஏழாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிற மற்ற நாலு பேரையும் கூப்பிட்டு இருத்தினார். கதை குறைவு, காரியம் அதிகம் அவருக்கு. முதல் நாள் இரவு காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு, தன் தங்கையைக் கதைக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். “பாதிதான் விளங்குது. அதுவும் முகத்திலை வெளிச்சம் விழுந்தால்தான்” என்றார். ஐந்து பேருமாகச் சில விடயங்களை முடிவு செய்தோம். யன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கதைக்கக் கூடாது. பாடத்தின் முக்கியமான சொற்களை எழுதிப் போட வேண்டும். எழுத வெண்கட்டி கிடைக்காத காலம் அது. அவரவர் பங்கை ஒரு தகர ரின்னுக்குள் போட்டுத் தேவைப்படி எடுப்பதென்று பேச்சு. “என்ரை பங்கையும் நீங்களே எடுங்கோ, எனக்கு வாய் காணும்” என்று தாராளமாகக் கொடுத்துவிட்டேன்.

பிறகு கணக்கு ரீச்சர் என்னைப் பார்த்தார். “மாஸ்ரர், ஒண்டு சொன்னாக் கோவிக்கக் கூடாது. உங்கடை மீசை மேல்சொண்டை மூடுது. கொஞ்சம் வெட்டினியளெண்டால் பிள்ளைக்கு உதவி.”

அந்த நாட்களில் என் மீசை பெரிய மீசை. “ரீச்சர், இது என்ன றோட்டுச் சென்றித் தடையே, எடுக்கச் சொன்ன உடனை எடுக்கிறதுக்கு?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. ஒரு விடயம் பிடிக்காவிட்டால் அதைப் பகிடியாக்கிக் கலைத்துவிடுவது என் பழக்கம். அதுவும் எனக்கொரு திறமையாகத்தான் தெரிந்தது.

மற்ற நாலு பேருடைய பாடத்திலும் அவள் மெல்ல மெல்ல ஏறி வந்தாள். என் வகுப்பில் நான் கதை சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு கணம் பிந்திச் சிரிப்பாள். விளங்கித்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சொல்வதெழுதல். மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டு, “அம்மா மாலையில் வருவார்” என்றேன். அவளுடைய கொப்பியை எட்டிப் பார்த்தால், ‘அப்பா நாளை வருவார்’ என்று இருந்தது.

“பாருங்கோ பிள்ளையள், நான் அம்மாவைக் கூப்பிட, இவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறாள்!” என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள். எல்லோரும் தன்னைப் பார்த்துச் சந்தோசமாகச் சிரிப்பதைக் கண்டாள். அந்த வரியில் விரலை வைத்து, ஏற்ற இறக்கமில்லாத தன் குரலில் கேட்டாள்: “மெய்யோ, சேர்?”

நான் பகிடியை விடவில்லை. தலையை ஆட்டி, “ஓம், ஓம்” என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது. மிச்ச நாலு வசனத்தையும் அவள் எழுதவில்லை. களைத்துப் போனாள் என்று விட்டுவிட்டேன். தகப்பனைப் பற்றி எனக்குத் தெரியும். அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. அப்படிப்பட்டதே நினைவுக்கு வராமல் போன ஆள் நான்.

திங்கட்கிழமை காலை தாய் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கணக்கு ரீச்சரும் நானும் வாசலில் நின்றோம். தாயின் முகம் சந்தோசத்தில் வெளித்திருந்தது. இதற்கு முன் அவளை அப்படிக் கண்டதில்லை.

“மாஸ்ரர், ஆர் வந்து சொன்னது? கடிதம் ஏதும் கொண்டந்தவையோ? சனிக்கிழமை விடியவே தலை இழுத்துப் பொட்டு வைச்சு, பொழுதுபட மட்டும் ஒழுங்கை முகப்பிலை நிண்டவள். அவர் வரேல்லை. எப்பவெண்டு சரியாச் சொன்னியளெண்டால்…”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான்தான் பிழை விட்டேன் என்று சொல்ல இரண்டு சொல் போதும். ஊரெல்லாம் பொறுக்கிச் சேர்த்த சொல்லில் அந்த இரண்டு மட்டும் வரவில்லை. “பிள்ளைக்குக் காது கேளாதெல்லோ, அம்மா. பிழையா விளங்கிப் போச்சுது” என்றேன்.

தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “காது கேக்கிற பிள்ளையளும் சிரிச்சவையாம். அவையும் பிழையா விளங்கினவையோ?” பிறகு பிள்ளையின் கையைப் பிடித்தாள். “ஏலாதெண்டு கண்டா கூட்டிக்கொண்டு போறனெண்டு சொன்னனான்தானே.”

அவர்கள் போன பிறகு கணக்கு ரீச்சர் குரலை உயர்த்தவில்லை. “அஞ்சு பேரும் சேந்து செய்ததை உங்கடை ஒரு ஓம் கெடுத்துப்போட்டுது, மாஸ்ரர்.”

அந்தக் கிழமை முழுக்க அவளுடைய இடம் வெறுமையாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை சவரக் கடைக்குப் போய் மீசையை முழுதாக எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் கத்தியோடு திகைத்து நின்றார். “வாத்தியார், ஆர் செத்தது?” “நீங்கள் எடுங்கோ” என்றேன்.

அங்கிருந்து கணக்கு ரீச்சரோடு அவர்கள் இருந்த வீட்டுக்குப் போனேன். யாரோ சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் பாதியைச் சேலை கட்டி மறைத்து இருந்தார்கள். பிள்ளைக்கு முன்னால் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, “அம்மா” என்றேன். “அப்பா” என்றேன். அவள் என் வெறும் சொண்டையே பார்த்துவிட்டு, இல்லையென்று தலையாட்டினாள். மீசை போயும் இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் வாய் ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கிறது. தமிழ் வாத்தியாரான எனக்கு அது அன்றுவரை தெரியாது.

கணக்கு ரீச்சர் பிள்ளையின் விரலை எடுத்துத் தன் மூக்கின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “அம்மா” என்றார். மூக்கு அதிர்ந்தது. “அப்பா” என்றார். அதிரவில்லை. பிள்ளையின் கண் விரிந்தது. நான் பிள்ளையின் சிலேற்றை வாங்கி, ‘அண்டைக்கு நான் சொன்னது அம்மா. பிழை என்னில்’ என்று எழுதிக் காட்டினேன்.

அவள் வாசித்தாள். “அப்ப, அப்பா?”

தாயும் என்னைப் பார்த்தாள். நான் சிலேற்றைத் துடைத்துவிட்டு, ‘தெரியாது’ என்று எழுதினேன்.

“உந்தளவையும் அண்டைக்கே சொல்லியிருக்கலாம், மாஸ்ரர்” என்றாள் தாய். ஆனாலும் திங்கட்கிழமை பிள்ளையை அனுப்பினாள்.

அன்றிலிருந்து ‘ம’ வருகிற இடத்தில் மூக்கைத் தொட்டுச் சொல்வதென்று ஐந்து பேரும் முடிவு செய்தோம். பிள்ளைகள் அதை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டார்கள். அதிபர்கூட காலைப் பிரார்த்தனையில் தன்னை மறந்து மூக்கைத் தொட்டதுண்டு. வருட முடிவில் அவள் எல்லோரோடும் எட்டாம் ஆண்டுக்கு ஏறினாள்.

மற்ற நாலு பேருடைய வாயையும் அவள் நம்பினாள். நான் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு திருத்தமாக, எத்தனை தரம் மூக்கைத் தொட்டுச் சொன்னாலும், கொப்பியை என் பக்கம் தள்ளி, “எழுதித் தாங்கோ, சேர்” என்பாள். கோபமில்லை. மரியாதையாகத்தான் கேட்பாள். என் பங்கு வெண்கட்டியை ரீச்சரிடம் திருப்பிக் கேட்டு வாங்கினேன்.

கதை சொல்வதென்றால் எனக்கு இப்போதும் ஆள் வேண்டும், கூட்டம் வேண்டும். இதை மட்டும் இதுவரை ஒருவருக்கும் வாயால் சொன்னதில்லை.