ஆகாயத்தில் ஒரு கோடு

மேற்குக் கடலைப் பார்த்த அந்த வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து தங்குவது வருஷத்தில் பன்னிரண்டு நாள். மற்ற நாளெல்லாம் அவள் மட்டும்தான், காவலுக்கும் துடைப்பதற்கும். கலைப்பொருள் வாங்கி மாட்டிய வீடு இல்லை அது. வீட்டையே கலையாகக் கட்டியிருந்தார்கள். மாடிப்படியின் கைப்பிடி ஒரு பித்தளைக் கொடி. குளியலறைத் தரையில் கல் பதித்த மீன்கள். கூடத்தில், வாசலிலிருந்து கடல் பக்கக் கண்ணாடி வரை முப்பதடிச் சுவர். அதில் வார்த்து ஒட்டிய எழுபது பறவைகள், எல்லாம் கடலை நோக்கிப் பறந்தபடி. அவற்றின் அலகிடுக்கில் தூசி சேரும் என்று வார்த்த சிற்பி யோசித்திருக்கவில்லை. அவள் சின்னத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தட்டிவிடுவாள். எழுபதும் முடிய நாலு நாள் ஆகும். முடிந்ததும் மறுபடி முதல் பறவை.

பறவைகள் சிற்பியுடையவை. பறவைகளுக்கு இடையில் வழுவழுவென்று இருக்கும் வெள்ளை ஆகாயம் அவள் புருஷன் பூசியது.

கொத்தனார்கள் மத்தியில் அவனுக்கு 'மட்டப்பலகை' என்று பேர். பூச்சைச் சமன் பார்க்கிற அந்தப் பலகை மாதிரியே அவன் வேலையும் ஒரு நூல் பிசகாது. வாயைத் திறப்பதுதான் அபூர்வம். கல்யாணமான புதிதில், "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று அவள் கேட்டதற்கு, "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று திருப்பிக் கேட்ட ஆள். அவள்தான் அவனுக்குச் சித்தாள். அவன் கேட்கிற பதத்தில் சுண்ணாம்புச் சாந்து குழைக்க வேறு கை கிடையாது.

அந்தச் சுவரின் கடைசிப் பூச்சை ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். நடுவில் நின்றால் விளிம்பு காய்ந்துபோகும். காய்ந்ததோடு ஈரச்சாந்து சேரும் இடத்தில் கோடு விழுந்துவிடும். அதனால்தான் அன்றைக்கு அவள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். பாதிச் சுவர் முடிந்திருந்தபோது, சாந்துச் சட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போனவளுக்குக் கண் இருட்டியது. அப்படியே சரிந்தாள்.

அவன் சாரத்திலிருந்து குதித்தான். அவளைக் காற்றுப் படுகிற இடத்தில் கிடத்தி, நெற்றியில் ஈரத்துண்டைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"யோவ் மட்டப்பலகை, சாந்து காயுதுய்யா!" என்று மேஸ்திரி கத்தினார். "பாத்துக்க ஆளா இல்ல? நீ ஏறு!"

"காயட்டும்," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவள் எழுந்து உட்காரும்வரை, ஒன்றரை மணி நேரம், நகரவில்லை. பிறகு ஏறிப் பூசினான். முப்பத்தொன்றாவது பறவையின் வாலையொட்டி, மேலிருந்து கீழாக, மயிரிழை மாதிரி ஒரு கோடு நின்றுவிட்டது.

அவன் போய் நாலு வருஷம் ஆகிறது. மார்ச்சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் ஒரே வாரத்தில் இல்லை. பிள்ளை குட்டி இல்லை. இருக்கிற ஒரே போட்டோவிலும் முகத்துக்கு நேரே சாரக்கம்பு. இந்த வீட்டில் காவல் வேலை என்று கேள்விப்பட்டபோது அவள் எவ்வளவு தருவீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் வெயில் இறங்கிக் கண்ணாடி வழியாகச் சுவரை உரசிக்கொண்டு விழும்போது, கால் மணி நேரம் அந்தக் கோடு தெரியும். மற்ற நேரத்தில் யார் பார்த்தாலும் தெரியாது. எதிரில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டீ ஆறிப்போகும்.

போன மாதம் வீட்டுக்கார அம்மா போன் செய்தார். பத்திரிகையில் வீட்டைப் படம் எடுக்கப்போகிறார்களாம். விருந்தாளி ஒருத்தர் சுவரில் ஏதோ கோடு பார்த்தாராம். ஆள் வந்து சரிசெய்வார்களாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டை வடிவமைத்த எஞ்சினியர் வந்தார். கூடவே, தடிமனான கண்ணாடி போட்ட, ஐம்பது வயதுப் பூச்சு மேஸ்திரி. இருவரும் சுவரை முகர்ந்து பார்க்காத குறையாகத் தேடினார்கள்.

"நீங்க தினமும் துடைக்கிறீங்களேம்மா, கோடு எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றார் எஞ்சினியர்.

"தெரியாது சார்," என்றாள்.

சொல்லிவிட்டுத் தூரிகையோடு முதல் பறவையிடம் போய்விட்டாள்.

"சாயங்காலம்தான் தெரியுமாம். நீ இருந்து பார்த்துக் குறிச்சு வை," என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு எஞ்சினியர் கிளம்பினார்.

மேஸ்திரி காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கடல் பக்கக் கண்ணாடியை மூடும் திரையின் ரிமோட் அவள் கையில் இருந்தது. அமுக்கினால் திரை இறங்கும்; வெயில் வராது; கோடும் வராது. ஆனால் நாளைக்கும் வெயில் உண்டு. அவள் அமுக்கவில்லை.

வெயில் இறங்கியது. கோடு வந்தது.

"அடேங்கப்பா," என்றார் மேஸ்திரி. "இவ்வளவு சுத்தமா பூசினவன் நடுவுல எதுக்கு நிறுத்தினான்? பீடி குடிக்கப் போயிட்டானா?"

"அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "காலையில தெரியாதுன்னீங்களே அக்கா?"

அவள் சொன்னாள். காய்ச்சல், சாந்துச் சட்டி, ஈரத்துண்டு, "காயட்டும்" எல்லாம். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை என்பது அவளுக்கே ஏமாற்றமாக இருந்தது.

மேஸ்திரி எழுந்து கோட்டை உள்ளங்கையால் மேலும் கீழும் தடவினார். பிறகு போனை எடுத்தார்.

"சார், பாத்துட்டேன். இதைத் தொடக் கூடாது சார். சுரண்டிப் புதுசா பூசினா, பூசின பட்டைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஒரு கோட்டை மறைக்கப் போய் ரெண்டு கோடு... இல்ல சார், யார் பூசினாலும் அப்படித்தான். காலையில படம் எடுத்துக்கச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு, "உங்களுக்காகச் சொல்லலைக்கா. நிஜம் அதுதான்," என்றார். பூச்சுக் கரணையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

காலையில் படம் எடுத்தார்கள். விருந்தாளிகள் இருக்கும்போது சாயங்காலம் திரையை இறக்கிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பத்திரிகையில் வந்த சுவரில் எழுபது பறவைகளும் இருந்தன. கோடு இல்லை. அவள் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

வந்திருந்த விருந்தாளிகள் எல்லோரும் போன அன்று சாயங்காலம் திரையை ஏற்றினாள். அன்றைக்கு டீ போடவில்லை. வெயில் வந்ததும் எழுந்து போய் முப்பத்தொன்றாவது பறவைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அன்னைக்கு தெரியாதுன்னு சொல்லிட்டேன்," என்றாள் கோட்டைப் பார்த்து. "பயத்துல சொன்னது. மனசுல வச்சுக்காதீங்க."

கால் மணி நேரம் அங்கேயே நின்றாள்.